வாசல் விளக்கை அணைக்காதீர்கள்

அயர்லாந்தின் கவுண்டி மீத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய செய்தியை நானும் வாசித்தேன். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31, சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு மண்டபம் எடுத்திருக்கிறதாம். எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்துவிட வேண்டுமாம். வர முடியாதவர்கள் வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்க வேண்டுமாம். "பேய்க்குப் பண்டிகை எடுப்பது நம் பண்பாடு இல்லை" என்று கடைசி வரி. அதன் கீழே இருபதுக்கும் மேற்பட்ட கைகூப்புகள். நான் எதுவும் போடவில்லை. "என்னக்கா, பார்த்தீங்களா இல்லையா?" என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். பார்த்தேன். பதில் கொஞ்சம் நீளம், அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மீத்தின் நாவன் ஊருக்குக் குடிவந்த முதல் வருஷம் நானும் விளக்கை அணைத்தவள்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நானும் அவரும் மகளும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு தட்டப்பட்டது. மறுபடியும் தட்டினார்கள். வெளியே ஒரு சின்னக் குரல் என்னவோ கேட்க, பெரிய குரல் ஒன்று "ஆள் இல்லை போல, வா" என்றது. பிளாஸ்டிக் வாளி ஒன்று சுவரில் உரசிக்கொண்டே போகிற சத்தம். மகளுக்கு அப்போது ஆறு வயது. "அம்மா, நாம இல்லன்னு பொய் சொல்றோமா?" என்று காதுக்குள் கேட்டாள். வட்டிக்காரன் வந்தால் ஒளிந்துகொள்கிற குடும்பம் மாதிரி இருந்தது எனக்கு.

சரி, செய்திக்கு வருகிறேன். அதில் இருந்த ஒவ்வொரு குற்றச்சாட்டையும் நான் தேடிப் பார்த்தேன்.

"சம்ஹைன் என்ற மரணக் கடவுளுக்கு நரபலி கொடுத்த நாள்" என்று ஒரு வரி இருந்தது. அப்படி ஒரு கடவுளே கிடையாது. அந்தச் சொல்லை இங்கே 'சவ்இன்' என்பார்கள். ஐரிஷ் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். உங்கள் பிள்ளைகளின் பள்ளி நாள்காட்டியைப் புரட்டினாலே கிடைக்கும். நம் ஐப்பசி மாதத்தைக் கடவுளாக்கி, அதற்கு நாம் பலி கொடுத்தோம் என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். 18-ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் வாலன்ஸி என்றொரு பிரிட்டிஷ் ராணுவ நில அளவைக்காரர், ஐரிஷ் மொழி அரைகுறையாகத் தெரிந்துகொண்டு எழுதிவைத்த கதை அது. மொழி அறிஞர்கள் எப்போதோ தள்ளிவிட்டார்கள். துண்டறிக்கைகளும் வாட்ஸ்அப்பும் தள்ளவில்லை.

உண்மையில் சவ்இன் என்பது பழைய அயர்லாந்தில் மாடு மேய்த்தவர்களின் காலக் கணக்கு. மே மாதம் மேய்ச்சலுக்கு மேட்டுக்குப் போன மாடுகள் இறங்கி வரும் நேரம், அறுப்பு முடிந்த நேரம், வெளிச்சப் பாதி போய் இருட்டுப் பாதி தொடங்கும் நேரம். இரண்டு காலம் முட்டிக்கொள்ளும் அந்த ராத்திரியில் இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் இருக்கும் கதவு சரியாகச் சாத்தாமல் கிடக்கும் என்று நம்பினார்கள். ரோஸ்காமன் பக்கம் ராக்ரோகனில் ஒரு குறுகலான குகை இருக்கிறது, பூனைக் குகை என்று பெயர். அதற்குள்ளிருந்துதான் அந்த உலகத்துப் பிராணிகள் கிளம்பி வந்தன என்று இடைக்காலத் துறவிகளே கதை கதையாக எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியது பாதிரிமார், கதை பழைய ஜனங்களுடையது. அதனால் இதில் எது எவ்வளவு பழசு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இன்னொரு இடம் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆத்பாய் போகிற வழியில் வார்டு குன்று. பழைய பெயர் ட்லாக்ட்கா. வாரக்கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிப் போக இடம் தேடுகிறீர்களே, அங்கே போங்கள். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. புல் மூடிய மண்வரப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையம், மேலே காற்று, சுற்றி ஆடு. 2014 முதல் தொல்லியல்காரர்கள் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி கீட்டிங் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார்: சவ்இன் இரவு அயர்லாந்து முழுக்க எல்லா வீட்டு அடுப்பையும் அணைத்துவிட வேண்டும், ட்லாக்ட்காவில் மூட்டிய நெருப்பிலிருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும் என்று. விளக்கை அணைக்கச் சொன்ன நம் செய்தியை எழுதியவருக்கு இது தெரிந்திருக்காது. அணைத்தது உண்மைதான், ஆனால் பக்கத்து வீட்டிலும் எரிகிற அதே தீயிலிருந்து திரும்பவும் ஏற்றிக்கொள்வதற்காக அணைத்தார்கள்.

ஹாலோவீன் என்ற பெயர் அந்தப் பழைய ஜனங்களுடையதும் இல்லை, அது முழுக்கச் சர்ச்சுப் பெயர். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் பெருவிழா, அதற்கு முந்தின சாயங்காலம் என்று அர்த்தம். போப் மூன்றாம் கிரிகோரி 8-ஆம் நூற்றாண்டில் ரோமில் ஆரம்பித்துவைத்தார். 835-ல் நான்காம் கிரிகோரி காலத்தில் பிராங்கு நாடு (இன்றைய பிரான்சும் ஜெர்மனிப் பக்கமும்) முழுக்கப் பரவியது. சவ்இன்னை அமுக்கத்தான் சர்ச் இந்தத் தேதியைப் பிடித்தது என்று எல்லாரும் சொல்வார்கள். அதிலும் ஒரு இடறல் உண்டு. 800-ஐ ஒட்டிய ஐரிஷ் புனிதர் பட்டியல்களில் இந்தத் திருநாள் ஏப்ரல் 20-ல் இருக்கிறது. நவம்பர் தேதி வெளியிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து, ஆயிரம் வருஷம் ஒன்றோடொன்று ஊறிப்போயிருக்கிறது.

நான் பிறந்தது திருச்செந்தூர் பக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, ராத்திரி வரை குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வழக்கத்துக்காரர்கள். அது பேய் விழா என்று எங்கள் அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. 31, 1, 2 மூன்றும் ஒரே சரடு. நம்மூரில் மூன்றாம் நாளைப் பார்த்துப் பழகியிருக்கிறோம், இங்கே முதல் நாள் கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் வேஷம் போடுவதையும் குறை சொல்லியிருந்தார்கள். இதைப் பற்றி நீங்களா பேசுகிறீர்கள்? குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா வருஷத்துக்கு வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம்தானே நடக்கிறது! நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து காளி, குறவன், போலீஸ்காரர், கரடி என்று வேஷம் கட்டி, தாரை தப்பட்டையோடு ஊர் ஊராகப் போய் வீடு வீடாகக் காணிக்கை எடுப்பார்கள். எங்கள் சித்தப்பா மூன்று வருஷம் காளி வேஷம் போட்டவர். நாக்கைத் தொங்கவிட்டு, கையில் தீச்சட்டியோடு அவர் வாசலில் வந்து நின்றால், சித்தப்பாதான் என்று தெரிந்தும் நான் அம்மா சேலைக்குள் போய்விடுவேன். அம்மா சுளகில் அரிசியும் மேலே ஒரு ரூபாய் நாணயமும் வைத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அது நேர்த்திக்கடன், இது இன்றைக்குப் பிள்ளை விளையாட்டு. ஆனால் வேஷம் கட்டியவன் வாசலுக்கு வந்தால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எனக்கு இங்கே வந்து தெரிந்த பாடம் இல்லை. புதுவீட்டு முகப்பில் பூசணிக்காயில் கோரைப்பல் முகம் வரைந்து கட்டித் தொங்கவிடுகிற நாம், அதே காயைக் குடைந்து விளக்கு வைத்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

"அமெரிக்கக் கடைச்சரக்கு" என்று அந்தச் செய்தியில் இருந்ததில் பாதி உண்மை. செப்டம்பரிலேயே சூப்பர்மார்க்கெட்டை அடைத்துக்கொள்ளும் நைலான் சிலந்திவலையைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் சரக்கு புறப்பட்ட துறைமுகம் இங்கே இருக்கிறது. 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, ஏழு வருஷப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்களே, அவர்கள் மூட்டையில் கொண்டுபோன வழக்கம் இது. ஸ்காட்லாந்துக்காரர்களும் கொண்டுபோனார்கள். அங்கே பூசணி மலிவாகக் கிடைத்தது. இங்கிருந்து டர்னிப் கிழங்கைக் குடைந்த விளக்காகப் போனது பூசணி விளக்காகத் திரும்பி வந்திருக்கிறது.

டர்னிப் கதையை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். டொனிகாலில் பிறந்த பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். ஒரு அக்டோபர் ராத்திரி ஷிஃப்டில், தூக்கம் வராமல் அவர் சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் வீட்டில் டர்னிப்பைக் குடையும் வேலை அவருடையது. பூசணி மாதிரி மெத்தென்று இருக்காதாம், கல்லு. கரண்டி வளைந்துவிடும், அம்மாவிடம் அடி விழும். உள்ளே மெழுகுவர்த்தித் துண்டு வைத்தால் மூடி கருகி, முட்டைக்கோஸ் தீய்ந்த நாற்றம் வீடு முழுக்க வரும். "அந்த நாற்றம்தானம்மா எனக்கு ஹாலோவீன்" என்றார். பிள்ளைகள் அப்பாவின் பழைய கோட்டைத் தலைகீழாகப் போட்டு, முகத்தில் அடுப்புக்கரி பூசிக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஆப்பிளும் கொட்டைகளும் கேட்பார்களாம். யாரென்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. அதே வாரத்தில் இறந்தவர்களுக்கான இரவு வரும்போது அவர் அம்மா கதவைத் தாழ்போடாமல், அடுப்பைத் தணிக்காமல், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் படுக்கப் போவாராம். போனவர்கள் வந்தால் குளிர் காய்ந்துவிட்டுப் போகட்டும் என்று.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு ஒரு விடுமுறையில் மேயோவில் கிராம வாழ்வு அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே டொனிகாலின் ஃபின்டவுனிலிருந்து வந்த டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு நகல் இருக்கிறது. சுருங்கிப்போன கிழவி முகம், இடுங்கிய கண், நாலு பல். கூட வந்த மகள் அன்றைக்கு ராத்திரி எங்கள் நடுவில்தான் படுத்தாள். கடைப் பூசணி அதற்குப் பக்கத்தில் குழந்தைப் பொம்மை.

பண்டிகை என்றால் சாப்பாடும் உண்டு. பார்ம்பிராக் என்று திராட்சை போட்ட ரொட்டி, தேநீரில் ஊறிய பழவாசனையோடு. உள்ளே ஒரு மோதிரம் வைத்திருப்பார்கள். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம். எங்கள் வீட்டில் ஏழு வயது மகனுக்கு வந்தது. "எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். மிட்டாயில் விஷம் வைப்பார்கள் என்று செய்தியில் இருந்தது. ஜோயல் பெஸ்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1958-லிருந்து வந்த பத்திரிகைச் செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை செத்ததாக அவருக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் செத்த பையனுக்கு விஷம் வைத்தது அவனுடைய சொந்த அப்பா, இன்சூரன்ஸ் பணத்துக்காக. நான் கவலைப்படுவது விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினுக்கும் வேர்க்கடலைக்கும்தான். சைவக்காரர்கள் ஜெல்லி மிட்டாயின் பின்பக்கத்தைப் படியுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் யாருக்குக் கொட்டை ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் பயம் மிட்டாயும் இல்லை, சாத்தானும் இல்லை என்று எனக்குத் தெரியும். 2025 கோடைக்குப் பிறகு நம்மில் யார் இருட்டில் நிம்மதியாக நடந்தோம்? டப்ளினில் நம்மவர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி இந்தியத் தூதரகமே ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களுக்குப் போகாதீர்கள் என்று அறிக்கை விட்டது. டப்ளின் ஃபார்ம்லி மாளிகையில் நடக்க இருந்த இந்திய தின விழாவைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் ராத்திரி பஸ்ஸை விட்டுவிட்டு கார் வாங்கியது அப்போதுதான், கடன் வாங்கி. அதனால் ஹாலோவீன் இரவு முகமூடி போட்ட விடலைப் பையன்கள் கூட்டமாக வருகிறபோது நெஞ்சு அடிக்கிறது என்றால், எனக்கும் அடிக்கிறது. அந்த ராத்திரி தீயணைப்புக்காரர்களுக்கு ஓயாத வேலை என்பதும் உண்மை. உரிமம் இல்லாமல் வெடிப் பட்டாசு விற்பதும் வைத்திருப்பதும் இங்கே சட்டவிரோதம் என்று தீபாவளிக்கு ஏங்கி ஏங்கியே தெரிந்துகொண்டோம். அப்படியிருந்தும் எங்கிருந்தோ கொண்டுவந்து வெடிக்கிறார்கள். மரப்பலகையும் டயரும் குவித்து எரிக்கிறார்கள். என் கதவில் ஒருமுறை முட்டை வீசினார்கள். வேண்டுமென்றே என் வீட்டில்தானா என்று பார்த்தேன். வரிசையாக ஏழு வீட்டுக் கதவிலும் மஞ்சள் வழிந்தது. அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, சிரிக்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஒரு வாளி மிட்டாய் மருந்து என்று நான் சொல்லமாட்டேன். அடிக்கிறவன் மிட்டாய்க்கு வரமாட்டான். நான் பார்ப்பது வேறு. இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள், ஆனால் வீட்டுக்குள் சட்டென்று கூப்பிடமாட்டார்கள். மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். வருஷத்தில் ஒரே ஒரு சாயந்திரம்தான், அழைப்பில்லாமல், அறிமுகமில்லாமல், அவர்களே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறார்கள். அந்தச் சாயந்திரம் பார்த்து நாம் இல்லை என்று காட்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

2024 ஞாபகம் இருக்கிறதா? தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு நடுங்கிக்கொண்டே எண்ணெய்க் குளியல், இட்லி, பிறகு வேலைக்கு ஓட்டம். சாயந்திரம் வந்து வாசலில் கோலம் போட்டேன், மழைக்குப் பயந்து கூரை நிழலுக்குள். அகல் விளக்கு ஆறு. அதற்குப் பக்கத்தில் மகன் குடைந்த பூசணி. முதலில் வந்தது எலும்புக்கூடு சட்டை போட்ட ஒரு பொடியன். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்தான், யாரும் சொல்லவில்லை. மிட்டாயை வாளியில் போட்டுக்கொண்டு, தட்டில் இருந்த தேன்குழலைக் காட்டி அது சிலந்தியா என்று கேட்டான். அவன் அம்மா எதிர்வீட்டுக்காரி, முகம் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். இன்னொன்று எடுத்தாள். அடுப்பில் சாம்பார் பொங்கியது தெரியாமல் இருபது நிமிஷம் வாசலிலேயே நின்று பேசினோம். இரண்டு வருஷம் எதிரெதிரே இருந்தும் அவள் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இப்போது என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருக்கிறது.

ஒரு விஷயம், அனுபவத்தில் சொல்வது: தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டுப் பலகாரம் கொடுக்காதீர்கள். உறை போட்ட மிட்டாய்தான். உறையில்லாததைப் பெற்றோர் எடுத்துத் தூரப் போட்டுவிடுவார்கள், மனசு நோகக் கூடாது. முறுக்கு, தேன்குழலெல்லாம் முகம் தெரிந்த பெரியவர்களுக்கு. அப்புறம் விளக்கு எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் தட்டக் கூடாது என்பது இங்கே எழுதாத விதி. எட்டு மணிக்கு மேல் முடியவில்லை என்றால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மதக் காரணத்தால் வேண்டாம் என்று நிஜமாகவே நினைப்பவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. அது உங்கள் வீடு. ஆனால் அதை ஊர்க் கட்டுப்பாடு மாதிரி எல்லார் தலையிலும் வைக்காதீர்கள்.

மண்டபத்தைப் பற்றி. இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஒரு வார இடைவெளி இருக்கிறது. முன்பணம் கொடுத்தாயிற்று என்றால் தேதியை 8-க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், வித்தியாசத் தொகையில் நானும் பங்கு போடுகிறேன். 31-ஆம் தேதி நம் வாசலுக்கு வந்தவர்களை 8-ஆம் தேதி மண்டபத்துக்குக் கூப்பிடலாம். முன்னே பின்னே பேசாதவரைப் போய் அழைப்பதைவிட, போன வாரம் மிட்டாய் வாங்கிப் போனவரை அழைப்பது எளிது.

31-ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டில் பிள்ளைகளோடு டர்னிப் குடையப் போகிறோம். அந்தப் பெரியவர் போன மார்ச்சில் காலமானார். அவர் சொன்ன முறைப்படி செய்து பார்க்க ஆசை. ஆறு டர்னிப் வாங்கிவைத்திருக்கிறேன். வருகிறவர்கள் வீட்டில் வளையாத கரண்டி இருந்தால் எடுத்து வாருங்கள், என்னிடம் இருந்த இரண்டும் போன வருஷமே போய்விட்டன.

அன்புடன்,
நாவனிலிருந்து உங்கள் அக்கா